விலைப்பட்டியல் வெளியே வந்த வார்டு: சிகாகோ 49-ஆவது வார்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

சிகாகோவில் மாமன்ற உறுப்பினர் அலுவலகங்கள் தம் வார்டு மக்களுக்கு அனுப்பும் செய்திகளை ஓராண்டு தொடர்ந்து படித்தால், அந்த நகரத்தின் பருவங்கள் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஏப்ரல் பிறந்தால் தெருக்கூட்டும் வண்டி வரும் தேதிகள். மரத்தில் ஆரஞ்சு நிறத் தாள் கட்டியிருக்கும் நாளில் அந்தத் தெருவில் காரை நிறுத்தினால் அபராதம். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை முக்கியச் சாலைகளில் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிவரை வண்டி நிறுத்தக் கூடாது, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும். அடுத்த போலீஸ் வட்டாரக் கூட்டம் என்றைக்கு, சாலைக் குழிக்கும் எரியாத விளக்குக்கும் நகரத்தின் புகார் எண்ணான 311-ஐ அழைக்கும் முறை, எந்தத் தெருவில் குழாய் மாற்றும் வேலை நடக்கிறது என்பவை மற்ற வரிகள்.

தேவையான செய்திகள்தாம், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எல்லாமே ஒரே திசையில் போகின்றன. அலுவலகம் சொல்கிறது, குடியிருப்பவர் கேட்டுக்கொள்கிறார். என் தெருவின் நடைபாதை ஏன் இந்த ஆண்டும் சரிசெய்யப்படவில்லை, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் எப்படிப் புதிய தார் வந்தது, அதற்கு எவ்வளவு செலவானது, அதை யார் முடிவுசெய்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தச் செய்திகளில் இடமில்லை. 2009-இல் நகரத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் 49-ஆவது வார்டு அந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுத்தது. பொதுப்பணத்தின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே வாக்களித்து முடிவுசெய்யும் 'மக்கள் பங்கேற்பு பட்ஜெட்' அமெரிக்காவில் முதன்முதலில் நடந்த இடம் என்று இந்த வார்டைக் குறிப்பிடுவார்கள். அங்கே நடந்த வாக்கெடுப்பைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. வாக்கெடுப்புக்கு முந்தைய ஐந்தாறு மாதங்களில் மக்கள் கைக்கு வந்த தகவல்தான் இந்த நிகழ்வின் உயிர் என்பது என் கருத்து. இந்த ஆய்வு பெரும்பகுதி அதைப் பற்றியது.

வார்டும் மெனு பணமும்

சிகாகோ மாமன்றத்தில் 50 வார்டுகள், 50 உறுப்பினர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்குப்படி நகரத்தில் ஏறக்குறைய 27 லட்சம் பேர்; அதாவது வார்டுக்குச் சராசரியாக 54 ஆயிரம் பேர். 49-ஆவது வார்டின் பெரும்பகுதி ரோஜர்ஸ் பார்க் என்ற பகுதி. கிழக்கே மிச்சிகன் ஏரி, வடக்கே எவன்ஸ்டன் நகரம். தெருக்கள் போய் முடியும் இடங்களில் சின்னச் சின்ன ஏரிக்கரை மணற்பரப்புகள். ரெட் லைன் ரயில் ஹோவர்ட் நிலையத்தில் முடிகிறது. வெள்ளையர், கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர், பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், லயோலா பல்கலைக்கழக மாணவர்கள் என்று இவ்வளவு கலந்து வாழும் பகுதி அந்த நகரத்தில் குறைவு. வாடகைக்கு இருப்பவர்களும் ஏராளம்.

ஒவ்வொரு வார்டுக்கும் ஆண்டுதோறும் நகர நிர்வாகம் ஒரே அளவு தொகையை ஒதுக்குகிறது. அந்தக் காலத்தில் அது சுமார் 13 லட்சம் டாலர். இதற்கு 'மெனு பணம்' என்று பெயர். காரணம் எளிது: நகரப் போக்குவரத்துத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரு தெருத்துண்டுக்குத் தார் போட இவ்வளவு, வேகத்தடைக்கு இவ்வளவு, சந்து ஒன்றைப் புதுப்பிக்க இவ்வளவு, தெருவிளக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றின் எதிரிலும் விலை இருக்கும். ஓட்டலில் உணவுப் பட்டியலைப் பார்த்துச் சொல்வதுபோல மாமன்ற உறுப்பினர் அதிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். 13 லட்சம் தீரும்வரை தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் பணத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நகரம் பத்திரம் வெளியிட்டுக் கடனாகத் திரட்டும் பணம் இது. ஆகவே பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் கட்டுமானத்துக்கு மட்டுமே செலவிடலாம். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவோ, கூடுதல் காவலர்களை வைக்கவோ, யாருக்கும் சம்பளம் கொடுக்கவோ இதைத் தொட முடியாது. இந்த விவரம் வறட்சியாகத் தோன்றும். ஆனால் பின்னால் கூட்டங்களில் மக்களுக்கு முதலில் விளக்கவேண்டியிருந்தது இதைத்தான்.

எப்படித் தொடங்கியது

ஜோ மூர் 1991 முதல் 49-ஆவது வார்டின் மாமன்ற உறுப்பினராக இருந்தவர். 2007 ஏப்ரலில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பினார். அதே ஆண்டு கோடையில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க சமூக மன்றக் கூட்டத்தில், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். அங்கே 1989 முதல் நகர முதலீட்டுப் பணத்தின் ஒரு பகுதியைக் குடிமக்களே பகுதிவாரியாகக் கூடிப் பிரித்துக்கொண்டு வந்தார்கள்.

தோல்வியின் விளிம்பைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அரசியல்வாதிக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதவி ஆட்டம் காணும்போதுதான் பலருக்குக் காது திறக்கிறது. திறந்த காதில் நல்லது விழுந்தது. அதைச் செயலாக்கவும் அவர் துணிந்தார். இதில் துணிச்சல் வேண்டியிருந்தது உண்மை. சட்டப்படி மெனு பணத்தின் பட்டியலில் கையொப்பமிடும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே. மக்கள் வாக்கெடுப்புக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. வாக்கெடுப்பில் எது வந்தாலும் அதையே பட்டியலில் எழுதுவேன் என்ற அவருடைய சொல் ஒன்றுதான் முழு ஏற்பாட்டுக்கும் ஆதாரம்.

2009-இல் வார்டில் இயங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களை அழைத்து ஒரு வழிநடத்தும் குழு அமைந்தது. விதிகளை எழுதியது அந்தக் குழுதான். 16 வயது நிரம்பிய, வார்டில் குடியிருக்கும் யாரும் வாக்களிக்கலாம் என்று முடிவுசெய்தார்கள். குடியுரிமை தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டியதும் இல்லை. குடியேறியவர்கள் இத்தனை பேர் வாழும் வார்டில் இந்த ஒரு விதி எத்தனை கதவுகளைத் திறந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வரி கட்டி, அந்த நடைபாதையில்தான் தினமும் நடந்து, ஆனால் மாமன்றத் தேர்தலில் வாக்கில்லாத ஒருவருக்கு, அந்தப் பணத்தைப் பற்றி முதன்முறையாக ஒரு வாக்குச்சீட்டு.

கூட்டங்கள், குழுக்கள், விலைகள்

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வார்டின் வெவ்வேறு பகுதிகளில் கூட்டங்கள் நடந்தன. ஒன்று ஸ்பானிய மொழியில். வந்தவர்களுக்கு மெனு பணம் என்றால் என்ன, எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது, முந்தைய ஆண்டுகளில் எதற்குப் போனது என்று சொல்லப்பட்டது. அதன்பின் யோசனைகள் கேட்கப்பட்டன. யோசனைகளை எடுத்துக்கொண்டு உழைக்க முன்வந்தவர்கள் சமூகப் பிரதிநிதிகள் ஆனார்கள். சம்பளம் கிடையாது. பூங்காவும் சுற்றுச்சூழலும், பொதுப் பாதுகாப்பு, தெருக்கள், போக்குவரத்து, சாலைப் பாதுகாப்பு, கலை முதலானவை என்று பொருள்வாரியாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள்.

குளிர்காலம் முழுக்க அவர்கள் செய்த வேலையைத்தான் நான் இந்த நிகழ்வின் நடுப்பகுதி என்று கருதுகிறேன். "எங்கள் தெருவில் விளக்கு போதாது" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வது எளிது. அதை வாக்குச்சீட்டில் ஏறும் ஒரு திட்டமாக மாற்ற வேண்டுமானால் எந்தத் தெரு, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை, எத்தனை கம்பம், அவற்றின் விலை என்ன, நகரத் துறை அதைச் செய்ய ஒப்புக்கொள்ளுமா என்ற அத்தனைக்கும் விடை வேண்டும். விளக்கில் பல்ப் எரியாவிட்டால் அது பராமரிப்பு. 311-க்குப் போக வேண்டும், மெனு பணத்துக்கு வராது. புதுக்கம்பம் நடுவதானால் வரும்.

அடுத்த சிக்கல், எந்த நிலம் யாருடையது என்பது. சிகாகோவில் பூங்காக்களும் ஏரிக்கரை மணற்பரப்புகளும் தனியான பூங்கா வாரியத்தின் கையில் இருக்கின்றன. பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம். ரெட் லைன் ரயில்பாதை நகரப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொந்தம். கிளார்க் தெருவுக்கு அருகே போகும் புறநகர் ரயில் வேறொரு நிறுவனம். ரயில் பாலத்தின் அடியில் சுவர் இருட்டாக, அழுக்காக இருக்கிறது, அங்கே ஓவியம் வரைய வேண்டும் என்று ஒரு யோசனை வந்தால், முதலில் அந்தச் சுவர் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவர் ஒருவருடையது, அதன்கீழ் நடைபாதை இன்னொருவருடையது, விளக்கு மூன்றாமவருடையது என்று இருக்கும். இருபது ஆண்டு அதே பாலத்தின் அடியில் நடந்துபோனவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் தேவை வந்தது, தெரிந்துகொண்டார்கள்.

வார்டுச் செய்தியின் தன்மையே இங்கேதான் மாறுகிறது. ஒரு தெருத்துண்டுக்குத் தார் போட ஆகும் தொகை முன்பும் ரகசியமில்லை, கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன செய்வது? கேட்டவர் கையில் முடிவு எடுக்கும் உரிமை வந்ததும் அதே எண் அவருக்கு முக்கியமாகிவிட்டது. இரண்டு தெருவுக்குத் தார் போடும் செலவையும் அதே பணத்தில் இடிந்த நடைபாதைகளை எத்தனை இடத்தில் மாற்றலாம் என்பதையும் மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். மக்களுக்கு உள்ளூர் நிர்வாகத்தில் அக்கறை இல்லை என்று அடிக்கடி சொல்கிறோம். அக்கறைப்படும்படி அவர்களிடம் எதையாவது கொடுத்தோமா என்று முதலில் கேட்க வேண்டும்.

வாக்கெடுப்பு

2010 ஏப்ரல் 10, சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாட்களில் வந்தும் முன்கூட்டியே வாக்களிக்க வழிசெய்திருந்தார்கள். வாக்குச்சீட்டில் 36 திட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் செலவு. ஒருவர் எட்டுத் திட்டங்கள்வரை தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 1,652 பேர் வாக்களித்தார்கள். அதிக வாக்கு பெற்றவற்றிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, பணம் தீரும் இடத்தில் கோடு போட்டபோது 14 திட்டங்கள் தேறின.

முதலிடத்தில் வந்தது நடைபாதைப் பழுதுபார்ப்பு. சைக்கிள் தடம், தெருவிளக்கு, நாய்களை விடுவதற்கான பூங்கா, பாலத்தடி ஓவியங்கள், கலை வேலைப்பாடுள்ள சைக்கிள் நிறுத்தங்கள் ஆகியவையும் மக்கள் விரும்பியவற்றில் இருந்தன. ஓவியமும் சைக்கிள் நிறுத்தமும் பத்திரிகைகளுக்குப் பிடித்த செய்தி. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த முதலிடம்தான்.

சிகாகோ நடைபாதை சிமென்ட் சதுரங்களால் ஆனது. நடைபாதைக்கும் சாலைக்கும் இடையில் ஒரு புல்பட்டை, அதில் வரிசையாக மரங்கள். மரம் முதிரும்போது வேர் சதுரத்தின் அடியில் புகுந்து ஓர் ஓரத்தைத் தூக்குகிறது. விரிசலில் இறங்கும் நீர் குளிரில் உறைந்து விரிகிறது, இளகுகிறது, மறுபடி உறைகிறது. சில குளிர்காலங்கள் போனதும் இரண்டு சதுரங்களுக்கு நடுவே இரண்டு விரற்கடை உயரப் படி ஒன்று உருவாகிவிடுகிறது. காரில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. சக்கர நாற்காலியின் முன்பக்கச் சிறுசக்கரம் அங்கே முட்டி நின்றுவிடும். குழந்தை வண்டியைத் தள்ளுகிறவர் பின்பக்கம் அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கி ஏற்ற வேண்டும். பனி மூடிவிட்டால் படி இருப்பதே தெரியாது. முதியவர் ஒருவர் கால் இடறி விழுந்த பிறகுதான் தெரியும். இப்படி ஒரு பழுதை மேலிருந்து பார்க்கும் எந்தத் திட்ட அதிகாரியும் முதலிடத்தில் வைத்திருக்க மாட்டார். நடந்து போகிறவர்கள் வைத்தார்கள்.

இன்னொரு பயனும் இதில் உண்டு. எந்தச் சதுரம் உடைந்திருக்கிறது என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும். பிரதிநிதிகளாக வந்தவர்கள் தங்கள் தெருக்களை முகவரியோடு அறிந்தவர்கள். நகரத் துறைக்குச் செலவில்லாமல் கிடைத்த கள ஆய்வு அது.

வராதவர்கள்

1,652 என்பது, வார்டின் மக்கள்தொகையில், நூற்றுக்கு மூன்று பேர் என்ற அளவுதான். இதை மறைத்து எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. முதல் ஆண்டில் கூட்டங்களுக்கும் குழுக்களுக்கும் வந்தவர்களில் படித்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், வெள்ளையர்கள் வார்டில் இருக்கும் விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தார்கள். ஸ்பானிய மொழி பேசுவோர் போதிய அளவில் வரவில்லை. ஸ்பானிய மொழியில் ஒரு கூட்டம் நடத்திவிட்டால் போதாது என்பது அப்போதே தெரிந்தது. பிந்தைய ஆண்டுகளில் அம்மொழியிலேயே இயங்கும் தனிக் குழு அமைத்தார்கள்.

காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாலை வேலைக்குப் போகிறவர் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாது. ஆறு மாதம் இலவசமாக உழைக்க நேரம் உள்ளவர்கள் யார் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வாடகை வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறுகிறவருக்கு அடுத்த ஆண்டு வரப்போகும் விளக்குக் கம்பம் மேல் என்ன பிடிப்பு இருக்கும்? செய்தி மொழிபெயர்க்கப்படுவது ஒரு படி. வாசற்கதவைத் தட்டி, அறிமுகமான ஒருவர் வாயால் சொல்லப்படுவது அடுத்த படி. இரண்டாவதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும். வார்டு அலுவலகத்தில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். அன்றாடப் புகார்களையும் அவர்களே பார்க்க வேண்டும்.

வெற்றி பெற்ற திட்டங்கள் தரையில் இறங்கத் தாமதமாவதும் ஒரு தொல்லை. அளவெடுப்பு, அனுமதி, ஒப்பந்தம், பனிக்காலத்தில் வேலை நிறுத்தம் என்று மாதங்கள் ஓடுகின்றன. ஏப்ரலில் வாக்களித்தவர் அடுத்த ஏப்ரலில் தெருவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்துபோவார். எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் அடுத்த முறை அவர் வர மாட்டார்.

பின்னர் நடைமுறையில் ஒரு திருத்தம் வந்தது. மொத்தத் தொகையில் எத்தனை சதவீதம் தார்ச்சாலைக்கும் அது போன்ற அடிப்படை வேலைக்கும் போகலாம் என்பதையும் வாக்குச்சீட்டிலேயே கேட்டார்கள். நல்ல திருத்தம். ஒரு தெருவின் தாரும் வார்டு முழுவதற்கான ஓவியமும் ஒரே வரிசையில் போட்டியிட்டால், அந்த ஒரு தெருவுக்கு வாக்குச் சேர்வது கடினம்.

பரவியது

2011 தேர்தலில் மூர் 72 சதவீத வாக்குகளுடன் வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மயிரிழையில் தப்பியவருக்கு இது பெரிய மாற்றம். அதே ஆண்டு நியூயார்க்கில் நான்கு மாமன்ற உறுப்பினர்கள் தங்கள் மாவட்டங்களில் இதைத் தொடங்கினார்கள். அவர்களில் மூவர் ஜனநாயகக் கட்சியினர், ஒருவர் குடியரசுக் கட்சிக்காரர். 2012-இல் கலிஃபோர்னியாவின் வல்லேஹோ நகரம், 2008-இல் திவாலான அதே நகரம், நகரம் முழுமைக்குமாக இதை ஏற்றது. சிகாகோவிலும் 5, 45, 46-ஆவது வார்டுகள் சேர்ந்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் அவற்றுக்குத் துணைநின்றது. ஆனால் 50 வார்டுகளில் பெரும்பாலானவை சேரவே இல்லை, சேர்ந்தவற்றிலும் சில விலகின. உழைப்பு அதிகம் என்பது ஒரு காரணம். தார் போட்டுத் தருகிற கை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை இழக்க மனமில்லாமை இன்னொன்று என்று நான் நினைக்கிறேன்.

அடிப்படையான ஒரு கோளாறை இந்த முறையால் தொட முடியவில்லை. எல்லா வார்டுக்கும் ஒரே தொகை. சாலைகள் நன்றாக இருக்கும் வார்டுக்கும் அதே தொகை, சிதைந்துகிடக்கும் வார்டுக்கும் அதே தொகை. நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2017-இல் மெனு திட்டத்தை ஆராய்ந்தபோது, தேவையைப் பார்க்காமல் சமமாகப் பிரிக்கும் இந்த வழக்கத்தைக் குறிப்பிட்டுச் சொன்னது. 13 லட்சத்தை மக்கள் எவ்வளவு அக்கறையோடு பிரித்தாலும், 13 லட்சம் போதாத இடத்தில் அது போதாதுதான்.

வாக்குச்சீட்டில் இல்லாதவை

சிகாகோ மாமன்ற உறுப்பினரின் பெரிய அதிகாரம் மெனு பணத்தில் இல்லை. வார்டில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதில் அவர் சொல்வதே முடிவு என்பது அந்த மாமன்றத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். மற்ற உறுப்பினர்கள் அதில் குறுக்கிடுவதில்லை. வாடகை எவ்வளவு ஏறும், யார் அந்தப் பகுதியில் தொடர்ந்து குடியிருக்க முடியும், யார் காலிசெய்ய நேரும் என்பவை அந்த அதிகாரத்தோடு பிணைந்தவை.

டெவன் சாலையும் ஷெரிடன் சாலையும் சந்திக்கும் இடத்தருகே வாடகைக் குடியிருப்பும் கீழே டார்கெட் என்ற பெரிய சில்லறை நிறுவனத்தின் கடையுமாக ஒரு கட்டடத் திட்டம் வந்தபோது வார்டில் கடுமையான விவாதம் எழுந்தது. நடைபாதைச் சதுரங்களுக்கு முகவரி எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் பழகிய மக்கள் அவர்கள். கணக்கைக் கேட்கவும், விலையை ஒப்பிடவும், எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்று சொல்லவும் கற்றவர்கள். சின்னக் காரியத்தில் இந்த அளவு கேட்கப்பட்டவர்கள் பெரிய காரியத்திலும் அதே அளவு கேட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பிந்தைய ஆண்டுகளில் மூர் மீது எழுந்த அதிருப்திக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நகர அரசியலில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் சேர்ந்தது.

2009-இல் முதல் சுற்றிலேயே சேர்ந்துகொண்ட குடியிருப்பாளர்களில் மரியா ஹாடன் என்ற பெண்ணும் ஒருவர். அந்த வார்டில் கற்றதை வைத்துக்கொண்டு, மற்ற நகரங்களில் மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டை நடத்திக்கொடுக்கும் அமைப்பில் பணிபுரிந்தார். வெவ்வேறு ஊர்களில் கூட்டம் கூட்டுவதும், விதி எழுதுவதும், விலை விசாரிப்பதும் அவருடைய தொழிலாயிற்று.

2019 பிப்ரவரி 26 அன்று நடந்த தேர்தலில் அவர் ஜோ மூரை எதிர்த்து நின்றார். ஏறத்தாழ 64 சதவீத வாக்குகள் அவருக்கு. 28 ஆண்டு உறுப்பினராக இருந்தவர் முதல் சுற்றிலேயே தோற்றார்.

வாக்கெடுப்பை ஹாடன் கைவிடவில்லை. அவருடைய அலுவலகம் அனுப்பும் செய்திகளிலும் தெருக்கூட்டும் தேதிகள் வருகின்றன, 311 வருகிறது. கூடவே மெனு பணத்துக்கான யோசனைகளைக் கொண்டுவரச் சொல்லும் அழைப்பும் வருகிறது.